பொன் அவர்க்கு, புகை இவர்க்கு!

விசுவகர்மா பூசை நாளன்று வடபுலத்து அலுவலகங்களிலே கணிப்பொறிக்கு மாலை சூட்டுகிறார்கள், குங்குமம் வைக்கிறார்கள், தேங்காய் உடைக்கிறார்கள். நம் ஊரில் ஆயுத பூசையன்று இதைச் செய்கிறோம்! ஆண்டுகள் சில கழிகின்றன; பொறி பழுதாகிறது. மாலையிட்ட அதே கை, "ஏலத்தில் தள்ளு" என்று ஆணையிடுகிறது. தில்லியில் ஏலம்போன பொறிகளில் பெரும்பகுதி எங்கே போய்ச் சேருகிறது? யமுனைக்கு அப்பால், சீலம்பூருக்கு.

சந்து முழுதும் உடைந்த திரைப்பெட்டிகள், விசைப்பலகைகள், கைப்பேசிகளின் எலும்புக்கூடுகள்! சென்னையிலே காயலான் கடை என்போமே, அத்தகைய கடைகள் வரிசை வரிசையாக. பெருவணிகர் மொத்தமாக வாங்குகிறார். சிறுவணிகர் அவரிடம் வாங்கி ஆள் வைத்து உடைக்கிறார். உடைப்பவனோ, உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவன். பெரும்பாலும் ஏழை இசுலாமியன், அல்லது தாழ்ந்த சாதி என்று ஊர் ஒதுக்கி வைத்தவன். அவனுக்கும் கீழே ஒரு படி உண்டு, தோழர்களே! வீட்டு வாயிலில் குந்தியபடி கம்பியின் உறையை உரித்துக்கொண்டிருக்கிறாளே ஒரு பெண், அவள்தான் அந்தக் கடைசிப் படி. மடியருகே குழந்தை தவழ்கிறது. உரித்த தூசியிலேயே தவழ்கிறது.

படி இறங்க இறங்கக் காசு குறைகிறது, நஞ்சு கூடுகிறது. விந்தையான தராசு இது!

கம்பியை எரித்தால் செம்பு கிடைக்கும். எரியும் உறையிலிருந்து டையாக்சின் என்னும் கொடுநஞ்சும் கிளம்பும். சுற்றுப்பலகையைத் தணலில் வாட்டினால், பற்றவைத்த ஈயம் உருகிச் சில்லுகள் உதிரும். அதன் பிறகு திராவகத் தொட்டி. பலகையில் ஒட்டியிருக்கும் துளித் தங்கத்துக்காக, கையுறையற்ற கை அதில் நுழைகிறது. தங்கம் மேலே போகிறது. ஆவி நுரையீரலுக்குப் போகிறது. ஈயமோ குழந்தையின் மூளை வளர்ச்சியைக் குலைக்கிறது. சோதிடர் சொன்னதன்று, மருத்துவர் கண்டறிந்தது! பள்ளியிலே பாடம் ஏறாத பிள்ளையைப் பார்த்து, "அவன் தலையெழுத்து" என்று பெருமூச்சு விடுவார்கள். எழுதியவன் பிரமன் அல்லன் ஐயா, எழுதியது ஈயம்!

மொராதாபாத்தின் கதை இன்னும் கசப்பானது. பித்தளை நகரம் என்று பெயர் பெற்ற ஊர் அது. தலைமுறை தலைமுறையாகச் செம்பிலும் தட்டிலும் பூவேலை செய்த கைகளில் பல, தொழில் நலிந்தபோது சுற்றுப்பலகையை எரிக்கப் போயின. எரித்த சாம்பல் இராமகங்கைக் கரையில் கறுப்பாய்க் குவிந்தது. கலைஞனைக் கரியாக்கிவிட்டு, "ஆற்றைக் கெடுத்தவன் இவனே" என்று விரல் நீட்டுகிறது ஊர்!

"கட்டாயப்படுத்தினார்களா? விரும்பித்தானே செய்கிறார்கள்!" என்கிறார் ஒரு கனவான். 2001-ல் மூடப்பட்ட கோலார் தங்கச் சுரங்கத்தை அவர் அறிவாரா? பூமிக்கடியில் பாறை பிளந்தவர்கள் யார்? வட ஆர்க்காட்டிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் வறுமை துரத்தச் சென்ற தாழ்த்தப்பட்ட தமிழர்களே பெரும்பாலோர். பாறைத் தூசி அவர்கள் நெஞ்சை அடைத்தது. பொன் வேறொருவன் பெட்டியை நிறைத்தது. வேறு வாசல் எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, திறந்த ஒரே வாசலில் நுழைந்தவனைப் பார்த்து "விரும்பி வந்தாய்" என்பது நியாயமா?

2022-ல் உலகம் குவித்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் ஏறியது நூற்றுக்கு 22 பங்குதான். ஏறாத மிச்சத்தில் கணிசமான பங்கு இந்தச் சந்துகள் போன்றவற்றின் தலையில்தான் விடிகிறது.

சட்டம் இல்லையா? இருக்கிறது! ஒன்றிய அரசு 2022-ல் வெளியிட்ட விதிகள் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. பொருளை உற்பத்தி செய்யும் நிறுவனம், பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சான்றிதழ் வாங்கிக் கணக்குக் காட்டவேண்டும். அந்த மறுசுழற்சியாளருக்குக் கிலோவுக்கு 22 ரூபாய்க்குக் குறையாமல் தரவேண்டும் என்று 2024-ல் அடிவிலையும் கட்டினார்கள். கொதித்தெழுந்தன பெருநிறுவனங்கள், தில்லி உயர்நீதிமன்றத்தின் கதவைத் தட்டின. அவர்களுக்கு வழக்கறிஞர் உண்டு, வாய்தா உண்டு, வாதாட வாய் உண்டு.

அதே விதிகளில் இன்னொரு பகுதியும் உண்டு. பிரித்தெடுக்கும் தொழிலாளரை மாநில அரசுகள் இனங்கண்டு பதிவு செய்யவேண்டும், பயிற்சி தரவேண்டும், உடல்நலத்தைக் கண்காணிக்கவேண்டும் என்கிறது அது. நல்ல பகுதி! ஆனால், சான்றிதழ்க் கணக்கில் தவறும் நிறுவனத்துக்குத் தண்டத்தொகை விதிக்கிறார்களே, தொழிலாளியைப் பதிவு செய்யத் தவறும் அரசுக்கு எவ்வளவு தண்டம்?

உலையை மூடி முத்திரை வைப்பது எளிது. அதிகாரிக்கு ஒரு பிற்பகல் போதும். மூடிய உலை ஊருக்கு வெளியே, இன்னும் இருண்ட இடத்தில், இன்னும் குறைந்த கூலிக்கு மறுபடி எரியும். சந்திலே உடைப்பவர்களைக் கூட்டுறவாகத் திரட்டி, காற்றோட்டமுள்ள கொட்டகையும் கருவியும் தந்து, பதிவுபெற்றோர் பட்டியலில் அவர்களையும் சேர்த்தால் அந்த 22 ரூபாய் சீலம்பூருக்குள்ளும் நடந்து வரும். வந்தால், கம்பி உரிப்பவள் கைக்கு அதில் எத்தனை காசு? தில்லியிலும் லக்னோவிலும் சட்டமன்றத்திலே எழுந்து நின்று இதைக் கேட்கப்போகும் உறுப்பினர் யார்?