கொழுத்த இலையா, மருந்துள்ள இலையா?



கற்றாழை என்றால் எல்லாம் ஒரே மருந்துதானே என்று நினைக்கிறோம். அது தவறு. ஒரே செடியில்கூட மண், தண்ணீர், வெயிலைப் பொறுத்து மருந்துச் சத்து கூடும், குறையும். அதற்குக் கட்டளை போடுவதில் செடிக்குள் இருக்கும் ஹார்மோன்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஹார்மோன்களைச் சுலபமாக இரண்டு கட்சியாகப் பிரிக்கலாம். ஆக்சின், ஜிப்ரலின், சைட்டோகைனின் எல்லாம் வளர்ச்சிக் கட்சி. அப்சிசிக், ஜாஸ்மோனிக், சாலிசிலிக் அமிலங்கள் ஆபத்துக் காலக் கட்சி. தண்ணி குறைந்தாலோ உப்பு ஏறினாலோ அப்சிசிக் அமிலம் பெருகி இலைத்துளைகளை மூட வைக்கும். பூச்சி கடித்தால் ஜாஸ்மோனிக், கிருமி தாக்கினால் சாலிசிலிக். உடனே செடி தன்னைக் காக்கக் கசப்பையும் நிறத்தையும் தயாரிக்கிறது. செடி தனக்காகச் செய்த ஆயுதத்தைத்தான் நாம் பல நேரம் மருந்து என்கிறோம்! 2013-இல் தென்கொரிய ஆய்வாளர்கள் ஆய்வகத்தில் வளர்த்த கற்றாழை வேருக்குச் சாலிசிலிக் அமிலம் கொடுத்தார்கள். அலோ-எமோடின் என்ற சேர்மம் பல மடங்கு கூடியது.

மரக்காணம் உப்பளப் பக்கம் போனால் உமரியைப் பாருங்கள். உப்பைத் தாங்க இலையில் நீரைச் சேர்த்துக் குண்டாக நிற்கும். கஷ்டம் கூடினால் சிவந்துவிடும். யாரும் அதை உரம் போட்டு வளர்க்கவில்லை.

இப்போ விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் குயிலாப்பாளையத்தில் உறவு முறையில் சித்தப்பா ஒருத்தர் கற்றாழை போட்டார். வாங்க வந்த வியாபாரி தராசை மட்டும்தான் பார்த்தார். "நல்லா தண்ணி கட்டுங்க, இலை கனமா வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். கிலோவுக்குத்தான் காசு. மருந்துக்கு என்று வாங்கிக்கொண்டு தண்ணீருக்கு விலை கொடுப்பது என்ன நியாயம்? வறண்ட உப்பு மண்ணில் சிறுத்த இலை விளைவிக்கிறவன் ஏன் நஷ்டப்பட வேண்டும்?

"அப்போ ஹார்மோனை வாங்கித் தெளித்தால் போச்சு" என்பீர்கள். அதுவும் சரியில்லை. அளவு மீறினால் வளர்ச்சி நின்றுபோகும். கூடுகிற சத்து எல்லாம் நல்லதும் இல்லை. கற்றாழைத் தோலுக்கு அடியில் வடியும் மஞ்சள் பாலில் உள்ள அலோயின் கடும் பேதி தரும். அந்தப் பாலைப் பேதி மருந்தாகக் கடையில் நேரடியாக விற்பதை 2002-இல் அமெரிக்கா தடை செய்தது.

ஆகவே முதலில் அளக்க வேண்டும். யார் அளப்பது? நாம்தான்! நம் லேபில் கலரிமீட்டர் இருக்கிறது. ஃபோலின் கரைசல் சேர்த்தால் வரும் நீல நிறத்தை வைத்துப் பீனால் வகைச் சேர்மங்களின் மொத்த அளவைச் சொல்லிவிடலாம். முழு மருந்துக் கணக்கு அது இல்லைதான். ஆனால் இரண்டு வயல் இலைகளை ஒப்பிடத் தொடங்க அது போதும்.

எங்க வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். "படிச்சு என்ன பண்ணப்போற?" என்று ஊரில் கேட்கிறார்கள். செமஸ்டருக்கு ஒரு நாள் சுற்றுவட்டார விவசாயிகளுக்கு நம் லேபைத் திறந்துவிடச் சொல்லி, மாணவர் பேரவை நிர்வாகத்திடம் கேட்கட்டும். சோதனை முடிவு எழுதிய ஒரு சீட்டு கையில் இருந்தால், எங்கள் ஊர்க்காரர் தராசைத் தாண்டிப் பேரம் பேசுவார்.

செய்வோமா, தோழர்களே?