நினைவகம் போதாதா, முகவரி போதாதா?

எனது சின்னையா நெடுந்தீவில் பிறந்தவர்; ஆசிரியப் பணியில் ஓய்வுபெற்று இப்போது யாழ்ப்பாண நகரில் வாழ்கிறார். வயது எண்பதைக் கடந்துவிட்டது. முழங்கால் நோவினால் குறிகட்டுவான் துறையில் படகேற அவரால் முடிவதில்லை. பிறந்த மண்ணைக் காணும் ஆசை மட்டும் குறையவில்லை. கனடாவிலுள்ள மகன், தான் பாவித்த கணினியொன்றை, விமானமோட்டும் மென்பொருளுடன் ஊருக்கு அனுப்பிவைத்தான். பலாலியில் மேலெழுந்து, ஊர்காவற்றுறையையும் நயினாதீவையும் கடந்து, நெடுந்தீவைச் சுற்றி வருவதே சின்னையாவின் மாலைப்பொழுதாயிற்று.

சில நாட்களில் தொல்லை தொடங்கியது. "தம்பி, தீவு கண்ணிலை பட முன்னம் எல்லாம் நிண்டு போகுது" என்றார். நினைவகம் போதவில்லை என்ற அறிவித்தல் திரையில் தோன்றி, மென்பொருள் மூடிக்கொள்கிறது. கடையொன்றில் விசாரித்தபோது, நினைவகத்தை இரட்டிப்பாக்கும்படி கூறினார்களாம். ஓய்வூதியப் பணத்தை எடுக்க அவர் ஆயத்தமாகிவிட்டார்.

கணினியிலோ ஏற்கெனவே 16 கிகாபைட் நினைவகம் இருந்தது. டாஸ்க் மானேஜரைத் திறந்து பார்த்தேன். பிழை தோன்றும் வேளையிலும் அதில் பாதிக்கு மேல் வெறுமையாகவே கிடந்தது.

தலைப்பு ஒன்று சொல்ல, உள்ளே செய்தி வேறொன்றாக இருப்பதைப் பத்திரிகைத் தொழிலில் நிறையவே கண்டிருக்கிறேன். இதுவும் அவ்வகைத் தலைப்பே. 2006இல் வெளிவந்த மைக்ரோசொப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் எக்ஸ் 32 பிட் மென்பொருளாகும். அத்தகைய மென்பொருளால் எண்ணக்கூடிய முகவரிகள் 4 கிகாபைட் அளவுக்கே உண்டு. 32 பிட் விண்டோஸில் வழக்கமாக அதிற் பாதியே மென்பொருளுக்குக் கிடைக்கும். 2007இல் வந்த இரண்டாவது திருத்தத் தொகுதியை இட்டு, 64 பிட் விண்டோஸில் இயக்கினால் முழு 4 கிகாபைட்டும் கிடைக்கும். அதற்கு அப்பால் வழியில்லை. இது குறைபாடன்று; அக்காலத்தின் எல்லை.

குறிகட்டுவான் இறங்குதுறையை எவ்வளவு அகலமாக்கினாலும் படகில் ஏறக்கூடியவர் தொகை கூடுவதில்லை. நினைவகம் இறங்குதுறை, முகவரி வெளி படகு. படகு நிறைந்ததற்குத் துறையைப் பெருப்பிக்கச் சொன்னது அந்த ஆலோசனை.

ஆகவே படகின் சுமையைக் குறைத்தேன். ரொறன்ரோ, லண்டன், நியூயோர்க் என மகன் சேர்த்திருந்த மேலதிக விமானநிலையக் காட்சிகள் அனைத்தும் செயலில் இருந்தன, அவற்றை நிறுத்தினேன். மேற்பரப்புப் படங்களின் அளவு 4096 என்றிருந்ததை 1024 ஆக்கினேன். நீளத்திலும் அகலத்திலும் நான்கில் ஒன்றாகும் படம், இடத்தில் பதினாறில் ஒன்றாகிவிடுகிறது. காட்சி எவ்வளவு தூரம் துல்லியமாகத் தெரியவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் எண், அமைப்புக் கோப்பில் 6.5 என மாற்றப்பட்டிருந்தது. மென்பொருளின் சாளரம் அனுமதிக்கும் உச்சமே 4.5தான். அதற்குத் திருப்பியபோது, வரையவேண்டிய பரப்பு ஏறத்தாழப் பாதியாகியது. புரொசஸ் எக்ஸ்புளோரர் என்னும் இலவசக் கருவியில் 'வேர்ச்சுவல் சைஸ்' என்ற அளவைக் கவனித்தேன். முன்னர் 4 கிகாபைட்டை முட்டி நின்ற அளவு இப்போது வெகுவாகத் தாழ்ந்தது. பிழை பிறகு தோன்றவில்லை. செலவு ஒரு சதமுமில்லை.

இந்த வைத்தியம் எல்லாக் கணினிக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லவேண்டும். 2020இல் வந்த புதிய ஃபிளைட் சிமுலேட்டர் 64 பிட் மென்பொருள். அதற்கு இந்த 4 கிகாபைட் மதில் இல்லை. அங்கே நினைவகம் போதவில்லை என்றால் பெரும்பாலும் உண்மையாகவே போதவில்லை. பின்னணியில் திறந்திருப்பவற்றை மூடவேண்டும். விண்டோஸின் பேஜ் ஃபைல் நிறுத்தப்பட்டிருக்கிறதா, வட்டில் இடமிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இவற்றுக்குப் பிறகும் தீராவிடின் நினைவகம் வாங்குவதில் நியாயமுண்டு. 32 பிட்டா, 64 பிட்டா என்று கேளாமலே விலை சொல்பவரை நம்பலாகாது என்பதே என் கருத்து.

புலம்பெயர்ந்த அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊரிலுள்ள முதியோருக்குப் பழைய கணினி அனுப்புகிறீர்கள், நல்ல காரியம். அனுப்புமுன் உங்கள் நகரங்களை அதிலிருந்து இறக்கிவிடுங்கள். அந்தச் சுமையைத் தாங்களே குறைக்க அவர்களுக்குத் தெரியாது. கடைக்காரர் சொல்வதே அவர்களுக்கு வேதவாக்கு.

நெடுந்தீவின் பவளக்கல் மதில்களோ பெருக்கமரமோ சின்னையாவின் திரையில் இல்லை. அதைச் சொல்லிக் கவலைப்பட்டேன். "மதிலும் மரமும் எனக்குத் தெரியும் தம்பி, தீவு தெரிஞ்சால் காணும்" என்றார்.