கட்சிக் கட்டுப்பாடும் மனச்சான்றும்

பலர் கூடி ஒரு கருமத்தை முடிக்குமிடத்துக் கட்டுப்பாடு இன்றியமையாததென்பதை மறுப்பார் இலர். ஆயின், அக்கட்டுப்பாட்டிற்கு எல்லை யாது? கட்சியும் மனச்சான்றும் மாறுபடுங்கால் ஒருவன் செய்யத்தக்கது யாது? ஆஸ்திரேலியா தேசத்து நியூ சவுத் வேல்ஸ் மாகாணத்தில் 1917-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 24-ஆம் தேதி நிகழ்ந்த தேர்தல் இவ்வினாக்களை ஆராய்வதற்குத் தக்கதோர் சான்றாகும்.

1914-இல் மூண்ட மகாயுத்தத்திற்கு ஆஸ்திரேலியர் தாமே விரும்பிப் படையிற் சேர்ந்து கடல் கடந்து சென்றனர். 1916-இல் பிரான்சு தேசத்துப் போர்க்களங்களில் உயிர்ச்சேதம் மிகுந்தது. தொழிற்கட்சியைச் சேர்ந்த பிரதம மந்திரி ஹ்யூஸ், இனிக் கட்டாயப் படைச்சேவையே வேண்டுமென்றார். தொழிற்சங்கத்தாரோ அதனை வன்மையாக எதிர்த்தனர். அவ்வாண்டு அக்டோபர் 28-ஆம் தேதி ஜனங்களின் கருத்துக் கேட்கப்பட்டபோது, 10,87,557 பேர் ஆமென்றனர். 11,60,033 பேர் வேண்டாமென்றனர். நியூ சவுத் வேல்ஸ் மாகாணத்தாரிற் பெரும்பாலோரும் வேண்டாமென்றே கூறினர்.

அம்மாகாணத்து முதன் மந்திரி ஹோல்மனும் தொழிற்கட்சியினரே. மாகாணக் கட்சி மகாநாடு கட்டாயச் சேவைக்கு எதிராகத் தீர்மானித்திருந்தும், அவர் அதனை ஆதரித்தார். ஆதலின் கட்சியினின்று விலக்கப்பட்டார். நவம்பரில், அதுகாறும் எதிர்க்கட்சியாயிருந்த லிபரல்களோடு கூடி முதன் மந்திரியாகவே நீடித்தார். பின்னர் வந்த தேர்தலில், 90 இடங்களுள் அவரது தேசியக் கட்சி 52-ஐயும், தொழிற்கட்சி 33-ஐயும் பெற்றன.

கட்டாயச் சேவையை மறுத்த ஜனங்களே, ஐந்து மாதத்திற்குள் அதனை ஆதரித்தவரைத் தெரிந்தெடுத்தது முரண்பாடன்றோ எனின், அன்று. படை திரட்டுதல் மத்திய அரசாங்கத்தின் அதிகாரம். மாகாண சபைக்கு அதில் யாதோர் உரிமையுமில்லை. ஜனங்கள் தங்கள் கருத்தை மாற்றிக்கொள்ளவுமில்லை. 1917 டிசம்பர் 20-ஆம் தேதி இரண்டாம் முறை கேட்கப்பட்டபோது, முன்னிலும் மிகுதியான வாக்குகளால், அதாவது 1,66,588 வித்தியாசத்தால், மறுத்தனர். ஒரு பொருளைப்பற்றிய தீர்ப்பு வேறு, அரசாளத் தக்கார் யாவர் என்னும் தீர்ப்பு வேறு என்பதைத் தலைவர்களினும் வாக்காளர் நன்கு உணர்ந்திருந்தனர்.

இனி, குற்றம் யாருடையது? தன் தீர்மானத்தை மீறியோரை விலக்கக் கட்சிக்கு உரிமையுண்டு. ஆயினும், மாகாண சபையின் அதிகாரத்திற்கே புறம்பானதொரு பொருளின் பொருட்டு, அச்சபையில் நெடுநாள் உழைத்துத் தேர்ந்தோரை இழந்தது விவேகமாகாது. அதன் பயனாகத் தொழிற்கட்சி 1920 வரை ஆட்சியின்றி நின்றது.

ஹோல்மனையும் முற்றும் குற்றமற்றவரென்று கூற எம்மால் இயலவில்லை. மனச்சான்றின்படி பேசவும் வாக்களிக்கவும் அவருக்கு உரிமையுண்டு. ஆனால், முதன் மந்திரிப் பதவி அவரது மனச்சான்று ஈட்டித் தந்ததன்று. கட்சியின் பெயரால் ஜனங்கள் அளித்தது. யாரை எதிர்ப்பதற்கென்று ஜனங்கள் அனுப்பினரோ, அவரோடு கூடி அப்பதவியிலிருப்பதற்கு முன் ஜனங்களை வினவியிருத்தல் வேண்டும். யுத்த காலத்தில் தேர்தலுக்கு ஏது அவகாசம் என்பர் சிலர். அதே யுத்தத்தின் நடுவே தேசமுழுவதும் வாக்கெடுப்பு நடத்த அவகாசமிருந்ததே! மார்ச்சுத் தேர்தல் அவர் செயலுக்குப் பின்னர்க் கிடைத்த இசைவேயன்றி முன்னர்ப் பெற்ற அனுமதியன்று. 1920-ஆம் ஆண்டுத் தேர்தலிலோ அவர் தமது சொந்தத் தொகுதியையே இழந்தார். தொழிற்கட்சித் தலைவர் ஸ்டோரி முதன் மந்திரியானார்.

கல்லூரியை விட்டுச் சென்று சங்கங்களிலும் சபைகளிலும் அமரவிருக்கும் மாணவ நண்பர்களே! ஓர் உறுதிமொழியிற் கையொப்பமிடுமுன், அது எங்கெங்கு நும்மைக் கட்டும் என்று ஆராய்மின். மனச்சான்று அதற்கு மாறாக ஏவுமாயின் மனச்சான்றின்வழியே நிற்மின். ஆனால், அவ்வுறுதிமொழியால் எய்திய பதவியைத் தந்தோரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு நிற்மின்.