பட்டியலில் இல்லாத லெஃப்ட் அவுட்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய ஆட்டக்காரர் யார் என்று பட்டியல் போடுவது எனக்குப் பிடிக்கும். நாளைக்கு யார் ஜெயிப்பார்கள் என்று வாய்க்கு வந்ததை அளந்துவிடுவதும் பிடிக்கும். "சும்மா டைம்பாஸ்தானே" என்று யாராவது சொன்னால்தான் கடுப்பாகும். ஒன்றில் ஒரு மனுஷனின் வாழ்நாள் உழைப்பு இருக்கிறது. இன்னொன்றில், இப்போதெல்லாம், நம் வீட்டுப் பிள்ளைகளின் சம்பளக் காசு இருக்கிறது. பதிவு கொஞ்சம் நீளம். காபியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருக்கும் நியூஜெர்சியில் ஃபுட்பால் என்றால் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவது. நம்ம ஃபுட்பாலுக்கு சாக்கர் என்று பேர். இது இன்னும் எனக்கு ஜீரணம் ஆகவில்லை, அது வேற கதை. ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓடுவது பேஸ்பால் பேச்சுதான். பேப் ரூத் 714 ஹோம் ரன், ஹாங்க் ஆரன் 755, பாரி பாண்ட்ஸ் 762. பாண்ட்ஸ் பேரைச் சொன்னதும் பாதிப்பேர் ஊக்கமருந்து என்று முகத்தைச் சுளிப்பார்கள். மீதிப்பேர் எண் எண்தானே என்பார்கள். சண்டை அப்படியே அடுத்த மீட்டிங் வரைக்கும் போகும்.

இந்தச் சண்டை போட முடிவதற்கே ஒரு காரணம் உண்டு. பேஸ்பால் கிட்டத்தட்ட நம்ம கிரிக்கெட் மாதிரி. கும்பலாக ஆடினாலும் ஒவ்வொரு பந்தும் எறிகிறவனுக்கும் அடிக்கிறவனுக்கும் நடக்கும் தனிச் சண்டை. என்ன ஆச்சு என்று ஒருத்தர் உட்கார்ந்து எழுதிவிடலாம். நூறு வருஷத்துக்கும் மேலாக எழுதியும் வைத்திருக்கிறார்கள். எழுதி வைத்தால் கூட்டலாம், வகுக்கலாம், வரிசைப்படுத்தலாம்.

ஆனால் யார் ஆட்டத்தை எழுதினார்கள்? அங்கேதான் இடிக்கிறது.

ஜோஷ் கிப்சன் என்று ஒருத்தர். கறுப்பர் என்பதால் மேஜர் லீகில் அவரைச் சேர்க்கவில்லை. கறுப்பின ஆட்டக்காரர்களுக்கென்று தனியாக இருந்த நீக்ரோ லீக்குகளில்தான் கடைசிவரை ஆடினார். 1947 ஜனவரியில் 35 வயதில் செத்துப்போனார். அதே வருஷம் ஏப்ரலில் ஜாக்கி ராபின்சன் மேஜர் லீக் மைதானத்தில் கால் வைத்தார். மூன்றே மாதம். அதற்கப்புறம் பல வருஷம் சிலர் பழைய பேப்பர்களைத் தேடித்தேடி அந்த லீக்குகளின் ஸ்கோர்களைச் சேர்த்தார்கள். 2024 மே மாதம் மேஜர் லீக் அந்தக் கணக்கை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது. அன்றைக்கு ஒரே நாளில், டை காப் காலங்காலமாக வைத்திருந்த 0.367 என்ற வாழ்நாள் பேட்டிங் சராசரி இரண்டாவது இடத்துக்குப் போனது. முதலிடத்தில் கிப்சன், 0.372.

கிப்சன் அன்றைக்குப் புதிதாக ஒரு பந்தும் அடிக்கவில்லை. கணக்குப் புத்தகம்தான் மாறியது.

இந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு ஞாபகம் வந்தது பொன்முடி. திருவனந்தபுரத்திலிருந்து விதுரை, கல்லாறு தாண்டி 22 ஹேர்பின் வளைவு ஏறினால் வரும் பொன்முடிதான். சுற்றுலா போகிறவர்களுக்கு அது மஞ்சுமூட்டம், போட்டோ, சூடான சாயா. எங்களுக்கு அது எஸ்டேட் லயம், மஸ்டர், கொழுந்துக் கூடை. மலையாள மண்ணில் தமிழ் பேசிக்கொண்டு கொழுந்து கிள்ளின குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று.

சித்தப்பா டீ ஃபாக்டரியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை லெஃப்ட் அவுட். எங்கள் கிரவுண்டு ஒரு பக்கம் சரிவு. பந்து அந்தப் பக்கம் போய்விட்டால் ஒரு பொடியன் தேயிலைக்குள் இறங்கி எடுத்து வர அஞ்சு நிமிஷம் ஆகும். அந்தச் சரிவுப் பக்கத்தில்தான் சித்தப்பா ஆடுவார். பந்து வெளியே உருளப்போகிறது என்று எதிரணி நின்றுவிடும். அவர் வெறுங்காலால் அதை நிறுத்தித் திருப்பியிருப்பார். அடுத்த எஸ்டேட்காரர்கள் "அந்த இடங்காலனைப் பிடி" என்று கத்துவது மஞ்சுக்குள்ளிருந்து கேட்கும், ஆளைத் தெரியாது. எத்தனை கோல் போட்டார்? யாருக்கும் தெரியாது. ஒரு போட்டோ கூட இல்லை. எஸ்டேட் ஆபீஸ் ரிஜிஸ்தரில் அவர் எத்தனை நாள் வேலைக்கு வந்தார் என்பது மட்டும் இருந்திருக்கும்.

2023 அக்டோபரில் ஆசிய மலை சைக்கிள் சாம்பியன்ஷிப் அதே பொன்முடியில் நடந்தது. எந்த நாட்டுக்காரர் எத்தனை நிமிஷம், எத்தனை நொடி என்று எல்லாம் பதிவாகி இருக்கிறது. சந்தோஷம்தான். அந்த மலையில் விளையாட்டு அன்றைக்குத்தான் பிறந்தது என்று நாளைக்கு எவனாவது எழுதாமல் இருந்தால் சரி.

சரி, பட்டியலுக்கு வருவோம். கேரள ஃபுட்பாலில் எல்லோரும் முதலில் சொல்வது ஐ.எம்.விஜயன். மறுப்பதற்கில்லை. திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற பையன், கேரளா போலீஸ் டீமில் சேர்ந்து, 1999 சாஃப் கேம்ஸில் பூட்டானுக்கு எதிராக 12ஆவது நொடியில் கோல் போட்டு, 2025இல் பத்மஸ்ரீ வாங்கியது சினிமாவை மிஞ்சும். (சினிமாவிலும் வந்துவிட்டார். நம்ம "திமிரு", "பிகில்" எல்லாவற்றிலும் பார்த்திருப்பீர்களே!)

ஆனாலும் என் பட்டியலில் முதலிடம் வி.பி.சத்யனுக்கு. அவர் டிஃபென்டர். டிஃபென்டருக்கு எண் கிடையாது. போட்ட கோலை எண்ணலாம், விழாமல் போன கோலை எப்படி எண்ணுவது? 1990, 1991 என்று இரண்டு வருஷம் தொடர்ந்து ஃபெடரேஷன் கோப்பையை வென்ற கேரளா போலீஸ் டீமில் விஜயன் முன்னால் நின்றார் என்றால் சத்யன் பின்னால் நின்றார். 1992இல் கோயம்புத்தூரில் கோவாவை 3-0 என்று தோற்கடித்து சந்தோஷ் டிராபியை வாங்கினபோது கேப்டன் அவர்தான். இந்தியாவுக்கும் கேப்டனாக இருந்தார். 2006 ஜூலையில் சென்னை பல்லாவரத்தில் ரயிலில் அடிபட்டு இறந்துபோனார். 41 வயது. அவர் கதையை 2018இல் மலையாளத்தில் "கேப்டன்" என்று படமாக எடுத்தார்கள். படம் வந்தபிறகுதான் பாதிப்பேருக்கு அவர் பட்டியலில் ஏறினார். இதுவும் கிப்சன் கதைதான், வேற விதத்தில்.

மூன்றாவதாக நான் சொல்லும் பேர், கேரளப் பட்டியலில் தமிழன் எதற்கு என்று சண்டையைக் கிளப்பும். சைமன் சுந்தரராஜ். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெருவிடம் 3-1 என்று தோற்றோம், அந்த ஒரு கோல் இவருடையது. ஒலிம்பிக்கில் இந்திய ஆண்கள் ஃபுட்பால் அணி போட்ட கடைசி கோல் இன்றுவரை அதுதான். 1973இல் எர்ணாகுளத்தில் கேரளா முதல்முறையாக சந்தோஷ் டிராபி வாங்கியபோது கோச் இவர். ரயில்வேஸை 3-2 என்று ஜெயித்த அந்த ஃபைனலில் மூன்று கோலும் போட்ட கேப்டன் மணியைக் கேரளமே கொண்டாடுகிறது, கொண்டாடட்டும். கோச்சைத் தமிழ்நாட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்? இங்கே சங்கத்துப் பொங்கல் விழா க்விஸில் இதைக் கேட்டேன். ஒரு கை தூக்கவில்லை. (கேள்வி ரொம்ப மொக்கை என்று தங்கமணி தீர்ப்பு.)

பெண்பிள்ளை வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டு ஆண்கள் அணி சந்தோஷ் டிராபியை ஒருமுறைகூட வாங்கியதில்லை. பெண்கள் அணி 2018இல் மணிப்பூரை ஃபைனலில் தோற்கடித்து தேசிய சாம்பியன் ஆனது, 2023இல் மறுபடியும் ஆனது. பட்டியல் போடும் அண்ணாச்சிகள் யாரும் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை.

இனி ஜோசியம். உலகக்கோப்பை வந்தால் கேரளத்தில் ரீடிங் ரூம், கிளப், சாயாக்கடை என்று எங்கு பார்த்தாலும் பிரவசன மல்சரம். யார் ஜெயிப்பார், எத்தனை கோல் என்று சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். 2022இல் கோழிக்கோடு புல்லாவூர் ஆற்றில் மெஸ்ஸி, நெய்மர், ரொனால்டோவுக்கு ஆளுயரத்தைத் தாண்டி கட்டவுட் வைத்தார்களே, அந்த ஊர் அது. முதல் மேட்சிலேயே அர்ஜென்டினா சவூதியிடம் 2-1 என்று தோற்றது. நாலு வாரத்தில் கோப்பையையே வாங்கிவிட்டது. எந்தச் சீட்டில் இந்த இரண்டையும் சேர்த்து எழுதியிருப்பான்?

ஃபுட்பாலில் ஜோசியம் பலிக்காததற்குக் காரணம் ரொம்ப சிம்பிள். கோல் குறைவு. 2022 உலகக்கோப்பையில் 64 மேட்சில் 172 கோல், மேட்சுக்கு மூன்று கூட இல்லை. ஒரு போஸ்ட், ஒரு பெனால்டி, ஒரு சறுக்கல், கதையே மாறிவிடும். 2024 டிசம்பர் 31 அன்று சந்தோஷ் டிராபி ஃபைனலில் கேரளாவும் வங்காளமும் கடைசிவரை சமம். இஞ்சுரி டைமில் ஒரே ஒரு கோல், வங்காளத்துக்குக் கோப்பை. நல்ல டீம் எது என்பதும் இன்றைக்கு யார் ஜெயிப்பார் என்பதும் வேறு வேறு கேள்வி. பேஸ்பாலிலேயே 2001 சியாட்டில் மரினர்ஸ் 162 ஆட்டத்தில் 116 ஜெயித்தது. உலகத் தொடருக்குப் போகவே இல்லை, அதற்கு முந்தைய சுற்றில் யாங்கீஸிடம் காலி.

2010இல் பால் என்ற ஆக்டோபஸ் எட்டுக்கு எட்டு சரியாகச் சொன்னதே என்பீர்கள். பூவா தலையா போட்டால் 256 பேரில் ஒருத்தருக்கு அது வாய்க்கும். உலகம் முழுக்க எத்தனை கிளி, எத்தனை யானை, எத்தனை ஆமை ஜோசியம் சொன்னது என்று எண்ணிப் பாருங்கள். தோற்ற கிளிக்கு டிவியில் இடமில்லை, அவ்வளவுதான்.

இதெல்லாம் பந்தயம் ஒரு சாயாவாக இருக்கும்வரை தமாஷ். 2018 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்துக்கு இருந்த தடையை நீக்கியது. எங்கள் நியூஜெர்சி போட்ட வழக்குதான். அதிலிருந்து போனிலேயே சூதாட்டக் கடை. எங்கள் வட்டத்தில் ஒரு பையன், நல்ல படிப்பு, நல்ல வேலை, ஏழெட்டு மாசச் சம்பளத்தை விட்டுவிட்டான். அவனிடம் இருந்தது ஒரு எக்ஸல் ஷீட்டும், "எனக்கு ஸ்டாட்ஸ் தெரியும் அங்கிள்" என்ற நம்பிக்கையும்.

பிள்ளைகளுக்கு உபதேசம் வேண்டாம், கணக்கைக் காட்டுங்கள். வழக்கமான பந்தயத்தில் 110 டாலர் கட்டினால் லாபம் 100. நூறு தடவை கட்டி ஐம்பது தடவை சரியாகச் சொன்னாலும் வந்தது 5,000, போனது 5,500. சமமாக நிற்கவே நூற்றுக்கு 52க்கு மேல் சரியாகச் சொல்ல வேண்டும், வருஷக்கணக்காக. நாலு ஆட்டத்தைக் கோர்த்துக் கட்டும் 'பார்லே' இன்னும் மோசம். நாலும் பலிக்கும் வாய்ப்பு 16இல் 1; கிடைப்பது 16 மடங்கு இல்லை, சுமார் 13. கடைக்காரன் எந்த டீம் ஜெயிக்கும் என்று கவலைப்படுவதே இல்லை.

இந்தியாவில் 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்குத் தடைச் சட்டம் வந்தது. கிரிக்கெட் டீமின் சட்டையில் பேர் போட்டிருந்த ட்ரீம்11 பணப் போட்டிகளை நிறுத்தியது. சட்டம் நல்லதா, இதுவும் கள்ளத்தனமாக வேறு வழியில் ஓடுமா என்று தனியாகச் சண்டை போடலாம். ஆனால் பெரிய ஆட்டக்காரர் பட்டியல் என்று கூகிளில் தேடும் பன்னிரண்டு வயசுப் பையனுக்கு, பக்கத்திலேயே "இன்றைய கணிப்பு" என்று பந்தய விளம்பரம் வந்து நிற்பதை நான் என் வீட்டில் பார்த்தேன். அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு போட வேண்டியது நாமதான்.

நான் என் பங்குக்கு ஒன்று ஆரம்பித்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மாவிடம் கேட்டுக் கேட்டு எங்கள் எஸ்டேட் டீமை எழுதுகிறேன். பேர், எந்த லயம், எந்த இடத்தில் ஆடினார், எந்தக் காலில் அடிப்பார். இதுவரை பத்துப் பேர் தேறியிருக்கிறார்கள். கோல்கீப்பர் யார் என்பதில்தான் அம்மாவும் அத்தையும் ஒத்துவர மாட்டேன் என்கிறார்கள். அத்தை கடைசியாகச் சொன்னது, "அவன் எங்கடா கோல்கீப்பர், பந்து வந்தா குனிஞ்சுக்குவான்!" :-)