களஞ்சியம் ஒன்றா, இரண்டா?

விழாக் காலத்திலே கல்லூரியின் பழைய சேர்வு இடாப்புகளைப் புரட்டி, தம் பெயரைத் தேடிக் காண்பது பழைய மாணவர்க்குத் தனி இன்பம். அவ்விடாப்புகள் இன்று கணினித் தரவுத்தளங்களாக மாறிவருகின்றன. அவற்றை எங்கே, எத்தனை இடங்களில் வைத்தல் வேண்டும் என்னும் வினா பொறியியலாளர்க்கு மட்டும் உரியதன்று. கல்லூரிகளை நேசிப்போர் அனைவர்க்கும் உரியதாகும்.

சேவையகம் ஒன்று பழுதுற்றால் மற்றொன்று அதன் பணியை ஏற்குமாறு, பலவற்றை ஒரு கொத்தாக இணைத்து வைப்பது வழக்கம். 1980களில் வந்த வாக்ஸ் கொத்துகளிலும், 2001இல் வெளியான ஒராக்கிள் 9ஐ தரவுத்தளத்திலும், சேவையகங்கள் பல ஒரே சேமிப்பகத்தைப் பகிர்ந்துகொள்ளும் முறை கையாளப்பட்டது. முறை சிறந்ததே. ஆயினும், காவலர் இருவராயினும் களஞ்சியம் ஒன்றே. களஞ்சியத்தில் நெருப்புப் பற்றினால் காவலரின் தொகையால் ஆவதென்ன?

அங்ஙனமாயின், களஞ்சியத்தைத் தொலைவிலும் அமைத்து, இரண்டிலும் ஒரே கணத்தில் எழுதலாமே என்பர் சிலர். இங்கே இயற்கை குறுக்கிடுகின்றது. ஒளிநார் இழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீற்றர் செல்லும். யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையே தெருவழித் தூரம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். இழையும் அவ்வழியே செல்வதாகக் கொண்டால், செய்தி போய்வர 4 மில்லிசெக்கன் ஆகும். ஒன்றன்பின் ஒன்றாக ஆயிரம் பதிவுகள் ஈரிடத்தும் உறுதிபெற வேண்டுமாயின், காத்திருப்பு மட்டுமே 4 செக்கன். எத்துணைப் பொருள் கொடுத்தும் ஒளியின் வேகத்தைக் கூட்டுதல் இயலாது. மேலும், இடையிலே இழை அறுந்தால், மற்றது மாண்டதென எண்ணி இரண்டும் தனித்தனியே எழுதத் தொடங்கிவிடலாம். அதனைத் தடுக்க மூன்றாமிடத்தில் நடுவர் ஒருவரும் வேண்டும்.

ஆதலின், கல்லூரிகளுக்கு உகந்த வழி இதுவென நாம் கருதுகின்றோம்: அன்றாடப் பணிக்குரிய சேவையகங்கள் அருகருகே இருக்கட்டும், தொலைவிலுள்ள படி சில செக்கன் பிந்தியே வரட்டும். பணத்தைக் கையாளும் வங்கிக்கு ஒரு பதிவை இழத்தலும் பெருங்கேடு. அது காத்திருக்கத்தான் வேண்டும். கல்லூரியிலோ, கடைசி நிமிடத்துப் பதிவைத் தாளைப் பார்த்து மீண்டும் எழுதிவிடலாம். ஐம்பது ஆண்டுப் பதிவை எவர் எழுதுவார்? பிழையாக அழித்தது தொலைவிலும் அழியுமாதலின், இணைப்பில்லாப் படியொன்றும் வேண்டும். அதனை ஆண்டுதோறும் திறந்து பரீட்சித்தலும் வேண்டும்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. வேறெங்கேனும் படியிருந்த நூலை மீண்டும் தேடிப் பெறலாம். படியில்லா ஏட்டுச்சுவடியை எங்கே பெறுவது? மருந்தினும் வருமுன் காப்பே சிறந்தது என்பதை நம்மினும் நன்கு அறிந்தோர் யாவர்?

கட்டடங்களுக்குப் பொருள் ஈவதைப்போல, கண்ணுக்குத் தெரியாத இத் தூரத்துப் படிக்கும் பழைய மாணவர் பொருள் ஈவாராக. நூறாண்டு கழிந்து வரும் மாணவனும் இடாப்பிலே தன் பாட்டனின் பெயரைக் கண்டு மகிழ்வானாக.