எனக்கு நேர்ந்தால் விபத்து, மீனவருக்கு நேர்ந்தால் குற்றமா?

ஆய்வுலக நண்பர்களுக்கு,

சென்ற வாரம் எல்லைகள் குறித்த ஒரு கருத்தரங்கில் கலந்துகொண்டேன். தேநீர் இடைவேளையில், சில ஆண்டுகளுக்கு முன் அயர்லாந்தில் தெரியாமல் ஓர் எல்லையைக் கடந்து அகப்பட்டுக்கொண்ட கதையைச் சொன்னேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், பிறகு வருந்தினார்கள், "யாருக்கும் நேரக்கூடியதுதான்" என்று தேற்றினார்கள். அடுத்த அமர்வில் ஒரு முதுகலை மாணவி பாக் நீரிணை மீனவர்களைப் பற்றிக் கேட்டார். என்னைத் தேற்றியவர்களுள் ஒருவரான மூத்த பேராசிரியர் எழுந்து, "எல்லாப் படகிலும் ஜி.பி.எஸ். இருக்கிறது. பிறகு எப்படித் தவறுதலாகப் போவார்கள்?" என்றார். அரங்கம் தலையசைத்தது. மாணவி அமர்ந்துவிட்டார்.

அன்று டெரியில் என் கையிலும் ஜி.பி.எஸ். இருந்தது. அதை எவரும் என்னிடம் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதைப் பற்றியதே இந்தப் பதிவு.

முதலில் என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெரி நகரம் வட அயர்லாந்தில், அதாவது பிரிட்டனின் ஆட்சிக்குட்பட்ட பகுதியில் உள்ளது. அங்கிருந்து மேற்கே சிறிது தொலைவில், ஒரு குன்றின்மேல், கிரியனான் ஆஃப் ஐலீச் என்னும் வட்ட வடிவப் பழங்கற்கோட்டை இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்க்கப் போனேன். கோட்டை இருப்பது டொனிகால் மாவட்டத்தில். டொனிகால் அயர்லாந்துக் குடியரசைச் சேர்ந்தது. என்னிடம் இருந்ததோ பிரிட்டன் விசா மட்டும். வழியில் சோதனைச் சாவடி இல்லை, கம்பிவேலி இல்லை, பெயர்ப்பலகைகூட என் கண்ணில் படவில்லை. வேகக் கட்டுப்பாட்டுப் பலகைகள் மைலிலிருந்து கிலோமீட்டருக்கு மாறியதை மட்டும் பார்த்தேன். அதன் பொருள் அப்போது விளங்கவில்லை. கைப்பேசித் திரையில் நீலப் புள்ளி சாலையைத் தொடர்ந்து நகர்ந்தது. எல்லையைக் குறிக்கும் மெல்லிய கோடும் அதே திரையில்தான் இருந்தது. நான் புள்ளியைப் பார்த்தேன், கோட்டைப் பார்க்கவில்லை.

ஏறத்தாழ 500 கி.மீ. நீளமுள்ள அந்த எல்லையை 200க்கும் மேற்பட்ட சாலைகள் கடக்கின்றன. 1998ஆம் ஆண்டு ஒப்பந்தத்திற்குப் பின் படைக் காவல் நிலையங்கள் அகற்றப்பட்டன. உள்ளூர் மக்கள் பால் வாங்கவும் பெட்ரோல் போடவும் நாள்தோறும் கடக்கிறார்கள். ஆனால் இந்தியக் கடவுச்சீட்டுக்கு அந்த எல்லை இன்னும் அப்படியே நிற்கிறது. திரும்பி வந்த பேருந்தில் ஓர் அதிகாரி ஏறினார்; பேருந்து முழுவதிலும் என்னிடம் மட்டும் ஆவணம் கேட்டார். ஓர் அறையில் சில மணி நேரம் இருத்தி, ஒரு தாளில் கையொப்பம் வாங்கி, திருப்பி அனுப்பினார்கள். கண்ணியமாகவே நடத்தினார்கள். அந்தத் தாளோடு கதை முடிந்தது என்றே எண்ணினேன்.

முடியவில்லை. பல நாடுகளின் விசா விண்ணப்பத்தில் ஒரு கேள்வி உண்டு: இதற்கு முன் எங்கேனும் உங்களுக்கு நுழைவு மறுக்கப்பட்டதா, நீங்கள் திருப்பி அனுப்பப்பட்டீர்களா? 'ஆம்' என்று குறித்து, அரைப்பக்க விளக்கமும் எழுதினேன். விசா மறுக்கப்பட்டது. அடுத்த விண்ணப்பத்தில் மறுக்கப்பட்டவை இரண்டாயின. ஒரு ஞாயிற்றுக்கிழமையின் கவனக்குறைவு என் வாழ்நாள் ஆவணமாகிவிட்டது. இதைச் சொன்னபோதுதான் நண்பர்கள் வருந்தினார்கள். வருந்தியதற்கு நன்றி. அந்த வருத்தம் அடுத்த அமர்வுவரைகூடத் தாங்கவில்லை என்பதே என் குறை.

நான் ஸ்ரீராம்புரத்தில் பிறந்து வளர்ந்தவன். தாத்தா வட ஆற்காட்டிலிருந்து ஆலை வேலைக்கு வந்தவர். அவர் கடந்த எல்லையை அவர் எல்லை என்று அறிந்ததேயில்லை. வேலை இருந்த பக்கம் வந்தார், தங்கினார். இன்றும் ஓசூரில் உள்ள அத்தை வீட்டுக்கு அத்திப்பள்ளி வழியாகப் போகும்போது எவரும் எங்களை நிறுத்துவதில்லை. ஆனால் 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் காவிரியின் பெயரால் அதே அத்திப்பள்ளி எப்படி இறுகியது என்பதை எங்கள் தெரு அறியும். 2016இல் பேருந்துகள் நின்றுபோய், மக்கள் மூட்டை முடிச்சுகளோடும் குழந்தைகளோடும் ஜூஜூவாடி நோக்கி நடந்தார்கள். எல்லை என்பது நிலத்தில் கிடக்கும் கோடு அன்று. யாருக்கு, எப்போது அது கோடாகும் என்பதை வேறு யாரோ முடிவுசெய்கிறார்கள். ஸ்ரீராம்புரத்தில் இதை அறிய முனைவர் பட்டம் வேண்டியதில்லை.

இனிக் கடலுக்கு வருவோம்.

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவுதான். அந்தக் குறுகிய கடலில் கோடு விழுந்தது 1974 ஜூனில், இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையொப்பமிட்ட உடன்படிக்கையால். கச்சத்தீவு இலங்கைப் பக்கம் போனது. அந்த உடன்படிக்கையின் 5ஆவது பிரிவை எல்லைகளைப் பற்றி ஆய்வு செய்யும் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் படிக்க வேண்டும். இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே கச்சத்தீவுக்கு வந்து போகலாம். அதற்காகப் பயண ஆவணமோ விசாவோ கேட்கப்படமாட்டாது என்பது அதன் சாரம். கோடு போட்டவர்களே, அந்தக் கோடு மக்களின் வாழ்வுக்குப் பொருந்தாது என்று அறிந்து எழுதிக்கொண்ட வாசகம் அது. 1976 மார்ச்சில் பரிமாறிக்கொள்ளப்பட்ட கடிதங்கள், ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் மீன்பிடிப்பதைத் தடுத்தன. அந்தோணியார் திருவிழாவுக்குப் போகும் பக்தருக்கு இன்றும் விசா வேண்டாம். அதே ஊரைச் சேர்ந்த அதே மனிதர், அதே நீரில், மறுவாரம் வலையோடு போனால் சட்டவிரோதக் குடிநுழைவாளர் ஆகிறார். மீன்பிடிச் சட்டத்தோடு குடிவரவுச் சட்டமும் அவர்மேல் பாய்கிறது.

"ஜி.பி.எஸ். இருக்கிறதே" என்ற வாதத்தை இப்போது எடுத்துக்கொள்வோம். ஜி.பி.எஸ். நீங்கள் இருக்கும் இடத்தைச் சொல்லும். எப்படி அங்கே வந்தீர்கள், திரும்ப முடியுமா என்பதைச் சொல்லாது. இயந்திரம் நின்றுபோன படகை நீரோட்டம் இழுத்துச் செல்லும். இழுவை மடியைக் கடலில் இறக்கிவிட்ட படகால் நினைத்த நொடியில் திரும்ப இயலாது. இரவில் களைத்து உறங்கும் கூலித் தொழிலாளி கருவியைப் பார்ப்பதில்லை. அது ஓட்டுநரின் முன்னால் இருக்கிறது. வறண்ட சாலையில், பட்டப்பகலில், நின்று யோசிக்க எல்லா வசதியும் இருந்தும் நான் கோட்டைக் கடந்தேன். என்னை எவரும் பொய்யன் என்று ஐயுறவில்லை.

இந்த இரட்டை அளவுகோல் நம் ஊரில் மட்டும் உள்ளதன்று. 2018இல் கனடாவில் தாயைக் காண வந்திருந்த ஒரு பிரெஞ்சு இளம்பெண், கடற்கரையில் ஓடிக்கொண்டே அமெரிக்காவுக்குள் போய்விட்டார். இரண்டு வாரம் தடுப்புக்காவலில் வைக்கப்பட்டார். உலகச் செய்தித்தாள்கள் அனைத்தும் அதை எழுதின, 'தவறுதலாக' என்ற சொல்லோடு. 2025 மார்ச்சில் டெட்ராய்ட்டில், கடைக்கு வழிதேடிய குவாத்தமாலா நாட்டுத் தாய் ஒருவர் கைப்பேசி காட்டிய வழியில் கனடாவுக்குச் செல்லும் பாலத்தில் ஏறிவிட்டார். இரண்டு சிறு மகள்களோடு பல நாள்கள் அடைத்துவைக்கப்பட்டார். அவரை வழிதவறச் செய்ததே அந்த வழிகாட்டிக் கருவிதான். அங்கே எழுந்த முதற்கேள்வி, அவருக்கு அங்கு வாழ ஆவணம் உண்டா என்பது. ஆவணம் வலுவாக இருப்பவரின் தவறு தவறாகவே இருக்கிறது. ஆவணம் இல்லாதவரின் தவறு உடனே திட்டமாகிவிடுகிறது.

இவ்வாறு எழுதினால் எழும் மறுப்பை நான் அறிவேன். அது நியாயமானது, மழுப்ப விரும்பவில்லை. எல்லை தாண்டும் இழுவைப் படகுகளுள் பல தெரிந்தேதான் தாண்டுகின்றன. நம் பக்கக் கடலில் மீன் குறைந்துவிட்டது. அதற்குக் கடலடியைச் சுரண்டும் அதே இழுவை மடிகளே பெருங்காரணம். மறுகரையில் வலையிழப்பவர்கள் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் முல்லைத்தீவிலும் உள்ள தமிழ் மீனவர்கள். போர்க்காலத்தில் கடலுக்குப் போகத் தடைசெய்யப்பட்டு, 2009க்குப் பின் கடன் வாங்கி வலை நெய்தவர்கள். ஓர் இரவில் இழுவைப் படகு கடந்து போனால் அவர்களின் ஓராண்டு முதல் அறுந்துபோகிறது. இலங்கை 2017இல் இழுவை மடியைத் தடைசெய்தது. 2018இல் அயல்நாட்டுப் படகுகளுக்கான தண்டத்தைப் பன்மடங்கு உயர்த்தியது. இதைச் சொல்லாமல் 'தொப்புள்கொடி உறவு' என்று மேடையில் முழங்குவது, அறுந்த வலைக்குரியவரை உறவுக் கணக்கிலிருந்து நீக்குவதாகும். அந்த மேடையிலும் நான் இல்லை.

ஆனால் கவனியுங்கள்: தெரிந்தே தாண்டுவோர் உண்டு என்பதால், தாண்டியோர் அனைவரும் தெரிந்தே தாண்டினர் என்று ஆகாது. இந்த எளிய தருக்கப் பிழையைத்தான் அன்று அரங்கம் தலையசைத்து ஏற்றது. தெரிந்தே தாண்டினாலும், முடிவெடுத்தவர் யார்? படகின் உரிமையாளர் கரையில் இருக்கிறார். டீசல் கணக்கும் கடன் கணக்கும் அவரிடம். படகில் இருப்போர் பங்குக்கும் கூலிக்கும் போனவர்கள். ஊர்காவற்துறை நீதிமன்றத்தின் முன் நிற்பவர்கள் அவர்களே. முதன்முறை என்றால் ஒத்திவைக்கப்பட்ட தண்டனை. இரண்டாம்முறை சிக்கினால் சிறை. 2024 தொடக்கத்திலிருந்து படகோட்டிகளுக்கும் சிறை என்ற செய்தி வழக்கமாகிவிட்டது. இரண்டாம்முறை என்பது மீனவருக்கு, விசா விண்ணப்பத்தில் நான் குறித்த 'ஆம்' போன்றது. முதல்முறை ஏன் நேர்ந்தது என்பதை அதன்பின் எவரும் கேட்பதில்லை.

சட்டம் வேறொரு வழியை அறியாததன்று. 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கையின் 73ஆவது பிரிவு, தனிப் பொருளாதார மண்டலத்தில் மீன்பிடி விதியை மீறியோருக்கு, நாடுகளிடையே வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, சிறைத்தண்டனை கூடாது என்கிறது. பிணை பெற்று விரைவில் விடுவிக்கவும் சொல்கிறது. இந்தியாவும் இலங்கையும் இதை ஏற்று உறுதிசெய்த நாடுகள். பாக் நீரிணையோ 'வரலாற்று நீர்ப்பரப்பு' எனக் கொள்ளப்பட்டதால் அங்கே அந்தப் பிரிவு பொருந்தாது என வாதிடலாம், வாதிடுகிறார்கள். ஆக, பழைய மரபுரிமைகள் இருந்தன என்று காட்ட வேண்டிய 'வரலாறு' என்ற சொல்லே, இன்று மரபு மீனவனைச் சிறைக்கு அனுப்பும் சொல்லாகியிருக்கிறது. இந்தியாவின் கையும் தூய்மையானதன்று. 1981ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டு இலங்கை மீனவர்களை நாமும் பிடிக்கிறோம். தமிழகச் சிறைகளில் மாதக்கணக்கில் கிடந்த சிங்கள மீனவர்களைப் பற்றி நம்முள் எத்தனை பேர் ஒரு வரி எழுதினோம்? பகை நாடென்று நாம் சொல்லும் பாகிஸ்தானுடன்கூட 2008இல் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். ஆண்டுதோறும் ஜனவரி 1இலும் ஜூலை 1இலும் கைதிகளின் பட்டியல், மீனவர் உட்பட, பரிமாறப்படுகிறது. நட்பு நாடான இலங்கையோடு ஒவ்வொரு கைதுக்கும் ஒரு கடிதம், ஒவ்வொரு விடுதலைக்கும் ஒரு நன்றியறிக்கை என்ற அளவிலேயே நிற்கிறோம்.

அப்படியானால் நான் கேட்பது என்ன? எல்லையை அழிக்கச் சொல்லவில்லை. மூன்று பிரிப்புகளைக் கேட்கிறேன். தவறுதலையும் திட்டத்தையும் பிரித்தறிய ஒரு விசாரணை வேண்டும்: இயந்திரத்தின் நிலை, ஜி.பி.எஸ். பதிவு, வலை இருந்த இடம் ஆகியவற்றை வைத்து. கருவி இருப்பதே குற்றத்திற்குச் சான்று என்றால், அதில் உள்ள பதிவு குற்றமின்மைக்கும் சான்றாகட்டும். உரிமையாளரையும் கூலியையும் பிரிக்க வேண்டும். தண்டம் முதலாளிக்கு, சிறை எவருக்கும் வேண்டாம். மீன்வளத் தகராற்றையும் குடிவரவுக் குற்றத்தையும் பிரிக்க வேண்டும். மீன் தேடிப் போனவர் குடியேறப் போனவரல்லர். இழுவை மடியை நம் கரையிலேயே நிறுத்துவதும் இதனோடு சேர்ந்தது. 2,000 இழுவைப் படகுகளை ஆழ்கடல் படகுகளாக மாற்றுவோம் என்று 2017இல் அறிவித்த திட்டம் இலக்கின் சிறு பகுதியைக்கூட எட்டவில்லை. வடபகுதி மீனவரின் வலைக்கு இதைவிட நேரான மருந்து இல்லை.

இறுதியாக நமக்கு. 'எல்லை' என்ற சொல் நம் துறைகளில் மிக மலிந்துவிட்டது. எல்லை கடந்த அறிவு, எல்லை கடந்த உரையாடல், எல்லை கடந்த அடையாளம் என்று தலைப்பிட்டு, பாதிப் பேருக்கு விசா கிடைக்காத நகரங்களில் மாநாடு கூட்டுகிறோம். எனக்கு விசா மறுக்கப்பட்டபோது கண்டன மடல் எழுதி அறுபது பேர் கையொப்பமிட்டீர்கள். அந்த மடலை இன்னும் வைத்திருக்கிறேன். 'தற்செயலான பிழைக்காக ஒருவரின் வாழ்வாதாரம் பறிக்கப்படலாகாது' என்பது அதில் ஒரு தொடர். அதை எழுதியவர், அன்று ஜி.பி.எஸ். பற்றிக் கேட்ட அதே பேராசிரியர்.

ஐயா, அந்தத் தொடரை நீங்கள் திரும்பப் பெற வேண்டாம். அதில் 'ஆய்வாளர்' என்று எங்கும் எழுதவில்லை. 'ஒருவர்' என்றே எழுதினீர்கள். அந்த ஒருவருக்குள் பாம்பனிலிருந்து போன கூலித் தொழிலாளிக்கும் இடமிருக்கிறது. அந்த மாணவியின் கேள்விக்கு அடுத்த கருத்தரங்கில் அதையே விடையாகச் சொல்லுங்கள்.

ஸ்ரீராம்புரம், பெங்களூரு