கறுப்புச் சட்டை போட்ட பையனைக் கோயிலுக்கு வராதேன்னு சொல்லலாமா?

 

கொஞ்சம் நீளமான பதிவுதான். பொறுமையா முழுசும் படிச்சுட்டு அப்புறம் திட்டுங்க.

ரெண்டு வாரமா நம்ம ஆலயப் புலனக் குழுவில் ஒரே பேச்சு. தோட்டத்துப் பையன் ஒருத்தன் பிளாக் மெட்டல், டெத் மெட்டல் என்கிற பாட்டைத் தனி ஆளாகச் செய்து இணையத்தில் போடுகிறான். அட்டைப் படத்தில் மண்டை ஓடு, மயானம். பாட்டுக்குள்ளே ருத்ரன் பெயர் வருது. "சாமியைக் கேவலப்படுத்துறான்", "இது சாத்தான் பாட்டு", "இந்த வருஷத் திருவிழாவில் அவன் ரதத்துப் பக்கமே வரக்கூடாது" என்றெல்லாம் எழுதுறாங்க. அடுத்த நிர்வாகக் கூட்டத்திலும் இந்தப் பேச்சு வரும். பையன் பெயரை நான் இங்கே எழுதவில்லை. நீங்களும் கீழே எழுத வேண்டாம், தயவு செய்து.

என் கருத்தை நேரா சொல்லிடுறேன். அவனை விலக்கி வைக்கக் கூடாது. அவனைக் கூப்பிட்டுப் பேச வேண்டும், கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டும், சொல்லிக் கொடுக்க வேண்டியதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஏன் இப்படிச் சொல்றேன்னு விளக்குறேன்.

முதலில் இது என்ன பாட்டு, எங்கிருந்து வந்தது?

இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் என்று ஒரு தொழிற்சாலை நகரம். அங்கே பிளாக் சபாத் என்ற குழு 1970-இல் முதல் இசைத்தட்டை வெளியிட்டது. அதில் கிதார் வாசித்த டோனி அயோமி அதற்கு முன்னே தகட்டு ஃபேக்டரியில் வேலை செய்தவர். 17 வயதில் மெஷினில் கை மாட்டி, வலது கையில் ரெண்டு விரல் நுனி போயிடுச்சு. அவர் இடது கைப்பழக்கக்காரர் என்பதால் கம்பியை அழுத்துகிற கையே அந்தக் கைதான். பிளாஸ்டிக் போத்தலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டு வாசித்தார். விரல் வலிக்காமல் இருக்கக் கம்பியையும் தளர்த்தினார். மெட்டல் பாட்டின் அந்தக் கனமான, தாழ்ந்த சத்தத்தில் அந்தத் தளர்ந்த கம்பிக்கும் பெரிய பங்கு உண்டு. பல வருஷமா ரோலிங் மெஷின் பக்கத்தில் நிற்கிற எனக்கு இந்தக் கதையைப் படித்ததும், இது வேலைக்காரன் வீட்டில் பிறந்த சத்தம் என்றுதான் பட்டது.

பிறகு 1982-இல் வெனம் என்ற குழு "பிளாக் மெட்டல்" என்றே ஓர் இசைத்தட்டுக்குப் பெயர் வைத்தது. அமெரிக்காவில் டெத் என்ற குழுவின் முதல் இசைத்தட்டு 1987-இல் வந்தது. அங்கிருந்து அது உலகம் முழுக்கப் போச்சு.

இதில் தனி ஆள் எப்படிச் செய்வான் என்று கேட்கிறார்கள். கிதாரைக் கம்ப்யூட்டரில் இணைத்து ஒரு தடவை பதிவு செய்வான். அதன் மேலே பேஸ் கிதார். டிரம்ஸ் வாசிக்க இடமும் பணமும் இல்லாவிட்டால் கம்ப்யூட்டரிலேயே ஒவ்வொரு அடியாக எழுதுவான். கடைசியில் குரல். உறுமுகிற அந்தக் குரலுக்கும் பயிற்சி இருக்கு. வயிற்றிலிருந்து மூச்சு எடுக்கத் தெரியாமல் கத்தினால் தொண்டை புண்ணாகிவிடும். நாலு பேர் செய்ய வேண்டிய வேலையை வேலை முடிந்து வந்து ராத்திரியில் ஒருத்தன் லயத்து வீட்டு அறையில் உட்கார்ந்து செய்கிறான். பாட்டு பிடிக்குதோ இல்லையோ, இது சோம்பேறி செய்கிற காரியம் இல்லை.

ஆனால் பயப்படுகிறவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கு. நார்வேயில் பர்சம் என்ற பெயரில் தனி ஆளாகப் பாட்டுச் செய்தவர் வார்க் விகெர்னஸ். 1992-இல் முதல் இசைத்தட்டு, கிட்டத்தட்ட எல்லா வாத்தியமும் அவரே. 1994-இல் ஒரு கொலைக்கும் தேவாலயங்களைக் கொளுத்தியதற்கும் 21 வருஷச் சிறைத் தண்டனை பெற்றார். நம் நாட்டிலும் 2001-இல் கெடா மாநிலப் பள்ளி மாணவர்கள் மத்தியில் பிளாக் மெட்டல் பரவுது என்று பெரிய பரபரப்பு. அதே வருஷம் மெகாடெத் குழுவின் கோலாலம்பூர் நிகழ்ச்சி நின்று போனது. 2005 டிசம்பர் 31 ராத்திரி கோலாலம்பூரில் ஓர் இசை நிகழ்ச்சியில் போலீஸ் சோதனை போட்டு 380 பேர் வரை பிடித்தது. பத்திரிகைகள் பிளாக் மெட்டல் கூட்டம் என்று எழுதின. ஆனால் அங்கே நடந்தது பெரும்பாலும் பங்க் வகைப் பாட்டு. 2006 ஜனவரியில் தேசிய ஃபத்வா மன்றம் பிளாக் மெட்டல் கலாசாரம் கூடாது என்று முடிவு சொன்னது. அது முஸ்லிம் அன்பர்களுக்கான முடிவு, அதைப் பற்றி நான் பேச வரவில்லை. நான் கேட்பது, நம்ம கோயிலில் நாம் எந்த அளவுகோலை வைத்துப் பார்க்கப் போகிறோம் என்பதுதான்.

நமக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கு. சிங்கப்பூரில் 1992-இல் தொடங்கிய குழு, பெயரே ருத்ரா. நம்ம தமிழ்ப் பிள்ளைகள். பாடி, பேஸ் கிதார் வாசிப்பவர் கதிர். டெத் மெட்டலும் பிளாக் மெட்டலும் கலந்த பாட்டுத்தான், உறுமல் குரல்தான். ஆனால் பாடுகிற விஷயம் உபநிடதமும் கீதையும். அந்த வகைக்கே வேத மெட்டல் என்று பெயர் வந்துவிட்டது. 2003-இல் "குருக்ஷேத்ரா". பிறகு "பிரம்மவித்யா" என்ற தலைப்பில் 2005, 2009, 2011 என்று மூன்று இசைத்தட்டுகள். 2022-இல் மகாவித்யா தேவியர் பெயரில் ஒன்று. கதிர் வேதாந்தத்தை முறையாகப் படித்தவர், மற்றவர்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறவர். இந்தக் குழுவைப் பற்றிச் சிங்கப்பூரில் யூஜின் தைரியநாதன் என்ற பேராசிரியர் ஆய்வுக் கட்டுரையே எழுதியிருக்கிறார். கதிரின் வழியில் கவனிக்க வேண்டியது என்னன்னா, அவர் பாட்டோடு நிற்காமல் சாஸ்திரத்தையும் உட்கார்ந்து படித்தார்.

இப்போ நம்ம சமயத்துக்குள்ளே வருவோம். "கோபமும் மயானமும் சாமி பாட்டில் வரலாமா?" என்று ஓர் அம்மா கேட்டிருந்தார்கள். அம்மா, ருத்ராபிஷேகத்தில் நம்ம குருக்கள் ஸ்ரீ ருத்ரம் சொல்கிறாரே, அதன் முதல் வணக்கமே ருத்ரனின் கோபத்துக்குத்தான். அடுத்து அம்புக்கு, வில்லுக்கு. அதுக்கு அப்புறம்தான் சாந்தமாகு என்று வேண்டுகிறது. அதே ருத்ரத்தில் தச்சர், குயவர், கொல்லர், வேடர் எல்லோரிடமும் ருத்ரனைக் கண்டு வணக்கம் சொல்லியிருக்கு. திருடர்களுக்குத் தலைவனாக இருக்கிறவனே என்றுகூட வணங்குது. யாரையும் வெளியே நிறுத்தவில்லை. கிருஷ்ண யஜுர் வேதத்தின் நடுவில் இருக்கிற இந்தப் பகுதியில்தான் ஐந்தெழுத்தும் வருது.

காரைக்கால் அம்மையாரை எடுத்துக்கோங்க. 63 நாயன்மார்களில் ஒருவர். அழகான உடம்பு வேண்டாம், பேய் உருவம் கொடு என்று சிவனிடம் கேட்டு வாங்கியவர். திருவாலங்காட்டுச் சுடுகாட்டைப் பற்றி அவர் பாடிய மூத்த திருப்பதிகங்கள் பதினோராம் திருமுறையில் இருக்கு. பேய்கள், எரிகிற சிதை, காய்ந்த காடு, நடுவில் ஆடுகிற ஈசன். நட்டபாடை, இந்தளம் என்று பண்ணோடு பாடியிருக்கிறார். இதைப் படம் போட்டு இன்றைக்கு ஒருத்தர் வெளியிட்டால் நம்ம புலனக் குழு என்ன சொல்லும்? காளி கழுத்தில் தலைமாலை, முனீஸ்வரர் கையில் அரிவாள். நாம் தினமும் கும்பிடுகிற உருவங்கள்தானே! உறுமி மேளம் அடிக்கும்போது நெஞ்சு அதிர்வதும் சாமி வருவதும் நமக்குப் புதுசா?

இதனால் அவன் செய்வது எல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. அம்மையார் பயத்தைக் காட்டியதோடு நிற்கவில்லை, அந்தக் காட்டுக்குள்ளே ஈசன் காலடியில் போய்ச் சேர்ந்தார். பயமுறுத்த மட்டும் மண்டை ஓடு வரைகிறவனுக்கும் அவருக்கும் அதுதான் வித்தியாசம். அதனால் பையனிடம் மூன்று விஷயம் கேட்க வேண்டும் என்பது என் யோசனை.

ஒன்று, எந்த மதத்தையும் எந்த வழிபாட்டுத் தலத்தையும் கேவலப்படுத்தும் வார்த்தை பாட்டில் இருக்கிறதா? இருந்தால் எடுத்துவிட வேண்டும். பல மதத்து மக்கள் சேர்ந்து வாழும் நாடு இது.

ரெண்டு, மந்திரத்தை எடுத்துப் பாடினால் அர்த்தமும் உச்சரிப்பும் தெரிந்திருக்க வேண்டும். ஸ்ருதி தப்பினால் மந்திரம் கெட்டுப் போகும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். வேகத்துக்காக மந்திரத்தை உடைத்துக் கத்துவதை நானும் ஏற்க மாட்டேன். குருக்களிடம் வந்து கற்றுக்கொள்ளட்டும், இல்லாவிட்டால் சொந்தத் தமிழில் எழுதட்டும்.

மூன்று, ஆலய வளாகத்தில் இந்தப் பாட்டுக்கு இடம் கிடையாது. இங்கே தேவாரமும் நாதஸ்வரமும் உறுமியும்தான். அவன் வீட்டில் என்ன வாசிக்கிறான் என்பது அவன் விஷயம்.

இதுக்கு மேலே கறுப்புச் சட்டை, நீள முடி எல்லாம் ஒரு குற்றமே இல்லை. சபரிமலைக்கு மாலை போடுகிற நாம் கறுப்புத் துணியைப் பார்த்துப் பயப்படலாமா?

இன்னொரு விஷயமும் யோசிங்க. இப்போ நம்ம தோட்டங்களில் கொழுந்து எடுப்பதில் பெரும்பாலானோர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். நம்ம பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்ட்டாங்க. லயத்தில் பாதி வீடு பூட்டிக் கிடக்கு. ஞாயிற்றுக்கிழமை தேவார வகுப்பில் எத்தனை பேர் உட்கார்றாங்க என்று உங்களுக்கே தெரியும். போன திருவிழாவில் பந்தல் கட்ட ஆள் இல்லாமல் அறுபது வயசுக்காரர்கள் ஏணியில் ஏறினோம். அன்றைக்கு விடியக்காலை மழையில் ஜெனரேட்டரைத் தூக்கி வந்த நாலு பேரில் இந்தப் பையனும் ஒருத்தன். சாமி பெயரைத் தானாகவே பாட்டில் வைக்கிறவனை நாம் வெளியே தள்ளினால், அவனுக்கு ருத்ரத்தின் அர்த்தத்தை யார் சொல்லப் போறாங்க? இணையத்தில் யார் யாரோ சொல்வாங்க. அவங்க நம்மைப் போல் அவன் குடும்பத்தை அறிந்தவங்க இல்லை.

நிர்வாகத்துக்கு என் வேண்டுகோள் இதுதான். கூட்டத்தில் அவன் இல்லாத நேரத்தில் முடிவு எடுக்க வேண்டாம். பிரதோஷ பூஜை முடிந்ததும் அவனையும் அவன் அம்மாவையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுங்கள். பாட்டின் வரிகளை அவனே எழுதிக் கொண்டு வரட்டும், குருக்களும் இருக்கட்டும். ரதத்துக்குத் தோள் கொடுக்கும் தொண்டர் பட்டியலில் அவன் பெயர் போன வருஷம் போலவே இருக்கட்டும்.

மாற்றுக் கருத்து இருந்தால் மரியாதையோடு கீழே எழுதுங்க, பதில் சொல்றேன். ராத்திரி ஷிப்ட் முடிந்துதான் பார்ப்பேன், கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

சிவ சிவ. திருச்சிற்றம்பலம்.